150 கலோரிக்குள் மஃபின் முடியுமா?

கேள்வி: ஒரு நாளைக்கு 1500 கலோரி கணக்கு. சாயங்கால டீயோட ஒரு மஃபின் வேணும். மைதாவுல எண்ணெயே விடாம செஞ்சா ரப்பர் மாதிரி இழுக்குது, பேப்பர் கப்பிலயும் ஒட்டிக்குது. என்ன செய்யலாம்?

பதில் 1: மைதாவுக்குப் பதிலா ஓட்ஸ் மாவு 120 கிராம். தோல் உரிச்ச வாழைப்பழம் 200 கிராம், தயிர் 60, சர்க்கரை 30, முட்டை 2, எண்ணெய் 14 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். மொத்தம் சுமார் 1050 கலோரி. 8 கப்பில் ஊத்தினா தலா 130. 180 டிகிரியில 20 நிமிஷம்.

பதில் 2: அந்த 14 கிராம் எண்ணெயைக் குறைக்காதீங்க. கொழுப்பு இல்லேன்னா மைதாவுல குளூட்டன் (மாவை இழுக்க வைக்கிற புரதம்) இறுகிடும், ரொம்பக் கலக்கினா இன்னும் மோசம். ஒட்டாம இருக்க சிலிக்கான் கப்.

பதில் 3: எண்ணெயைத் தராசில் நிறுங்க, கிராமுக்கு 9 கலோரி! வெந்ததும் மஃபினோட எடை குறையும். போனது தண்ணிதான், கலோரி இல்ல.