இரண்டு கேஜ் கிளாஸ் இரண்டு மட்டம் காட்டுகிறது, எதை நம்புவது?

கேள்வி:
வணக்கம். இங்கிலாந்தில் ஒரு பாரம்பரிய நீராவி ரயில் பாதையில் தன்னார்வலராக ஃபயர்மேன் (இன்ஜினின் நெருப்பையும் பாய்லர் தண்ணீரையும் கவனிப்பவர்) பயிற்சியில் இருக்கிறேன். இன்று காலை பிரஷர் ஏறியதும், பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய்களான இரண்டு கேஜ் கிளாஸையும் சோதித்தோம். கண்ணாடியில் உள்ள தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் காக்கை (திருப்பித் திறக்கும் அடைப்பான்) திறந்து மூடியதும் வலது பக்கம் தண்ணீர் சட்டென்று துள்ளி வந்து, ஆடி நின்றது. இடது பக்கம் மெதுவாக ஊர்ந்து ஏறியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வலதைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாகக் காட்டுகிறது. இடது கண்ணாடி போன வாரம்தான் மாற்றியது. தண்டவாளம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் இப்படி ஆகுமா?

பதில் (ஓய்வுபெற்ற லோகோ ஃபிட்டர்):
தம்பி, இரண்டில் குறைவாகக் காட்டுவதைத்தான் உண்மை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் இன்ஜின் ஷெட்டில் நிற்கும்வரைதான். இடது பக்கம் சரியாகாமல் இன்ஜினை வண்டியில் மாட்டவே கூடாது.

சாய்வு இருந்தால் இரண்டு பக்கமும் மட்டம் மாறும், உண்மைதான். ஆனால் தண்ணீர் ஊர்ந்து ஏறுவதற்குச் சாய்வு காரணமில்லை. கண்ணாடியின் அடியைப் பாய்லரோடு இணைக்கும் கீழ்வழி அடைபட்டிருக்கிறது. மேலிருந்து வரும் நீராவி கண்ணாடிக்குள் குளிர்ந்து தண்ணீராகும். அது கீழ்வழியாகப் பாய்லருக்குத் திரும்ப வேண்டும். வழி குறுகினால் அங்கேயே தேங்கி, பாய்லரில் இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டும். அதை நம்பி, பாய்லருக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டரைப் போடாமல் விட்டால், ஃபயர்பாக்ஸ் என்னும் நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடான கிரவுன் ஷீட்டுக்கு மேல் தண்ணீர் வற்றி, தகடு பழுத்து, உள்பக்கமாகப் பிய்ந்துவிடும்.

வழிகளைத் தனித்தனியாகச் சோதியுங்கள். மேல் காக்கை மூடி டிரெயினைத் திறந்தால் கீழ்வழியாகத் தண்ணீர் பலமாகச் சீற வேண்டும். அப்புறம் கீழ் காக்கை மூடி மேல் காக்கைத் திறந்தால் நீராவி அதே பலத்தோடு வர வேண்டும். கடைசியில் டிரெயினை மூடி, மற்ற இரண்டையும் முழுதாகத் திறந்துவிடுங்கள். கேஜ் கிளாஸைச் சுற்றிக் காப்புக் கண்ணாடி மாட்டாமல் எதையும் தொடாதீர்கள்.

கண்ணாடி புதிது என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். நீளம் குறைவாக வெட்டியிருந்தால், நட்டை இறுக்கும்போது ரப்பர் வளையம் பிதுங்கி கண்ணாடியின் வாயை மூடிவிடும்.

பதில் (இன்னொருவர்):
ஐயா சொல்வது முழுக்கச் சரி. மேல்வழியையும் விட்டுவிடாதீர்கள். 1943 நவம்பரில் நீங்கள் இருக்கும் நாட்டிலேயே, ஹனிபோர்னில், அமெரிக்க எஸ்160 வகை இன்ஜின் ஒன்றில் ஃபயர்பாக்ஸ் கூரை சரிந்தது. கேஜ் கிளாஸின் மேல் வால்வு சரியாகத் திறக்கப்படாமல், மட்டம் பொய்யாக உயரமாகத் தெரிந்திருக்கிறது. பிரிட்டிஷ் இன்ஜின்களில் காக் கைப்பிடி நிற்கும் நிலையைப் பார்த்தாலே திறந்திருக்கிறதா என்று தெரியும். அந்த வகையிலோ திருகித் திறக்கும் வால்வு. 1995 ஜூனில் பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் ரயில் பாதையின் 1278 இன்ஜினிலும் கூரை பிய்ந்து மூன்று ஊழியர்கள் தீக்காயம்பட்டார்கள். அங்கே கேஜ் கிளாஸுக்குப் போகும் வழியில் படிவு அடைத்திருந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தனித்தனியாகச் சோதித்ததில் இடது கீழ்வழியில் சீற்றம் பலவீனமாகத்தான் இருந்தது. பொறுப்பாளர் உடனே இன்ஜினை நிறுத்திவிட்டார். ஆறியதும் கழற்றிப் பார்த்தால் ஐயா சொன்னதேதான், வளையம் பாதி வாயை மூடியிருந்தது. இன்னொன்று: கண்ணாடி முழுதாக நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் ஒரே மாதிரி தெரிகிறதே, எப்படிப் பிரித்தறிவது?

பதில் (ஓய்வுபெற்ற லோகோ ஃபிட்டர்):
நல்லது தம்பி. பின்னால் சாய்வுக் கோடு போட்ட தகடு இருந்தால் அதைப் பாருங்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும். தகடு இல்லையென்றால் டிரெயினைத் திறந்து மூடுங்கள். நிரம்பியிருந்தால் மட்டம் இறங்கி மறுபடி ஏறுவது தெரியும். ஒன்றுமே ஏறி வரவில்லை என்றால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், முதலில் நெருப்பை எடுத்துவிடுங்கள்.