கலைச்சொல் வேண்டும்: ஹைலி காம்போசிட் நம்பர்

அன்புள்ள குழுவினருக்கு,

டிசம்பர் 22 கணித நாளுக்குப் பள்ளியில் ஒரு தட்டி வைக்கிறோம். பொருள் ஒரே ஒரு எண்: 2,93,31,86,25,600. இதற்கு 5040 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இராமானுஜன் 1915 கட்டுரையில் இந்த வகை எண்களை 67,46,32,83,88,800 வரை பட்டியலிட்டார். அதில் இது விடுபட்டுவிட்டது. இதை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் அந்தக் கடைசி எண்ணே வருகிறது! வகைக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.
— கணக்கு ஆசிரியை

மிகுபகு எண். பாடநூலில் பகு எண் இருக்கிறது, சொன்னதும் புரியும். பகு நல்ல வேர்: பகுதி, பகை, பகல் எல்லாம் அதன் கிளைகள். பட்டினப்பாலை வணிகரின் நடுநிலையை ‘நெடுநுகத்துப் பகல் போல’ என்கிறது. அங்கே பகல் என்பது நுகத்தடியைச் சரிபாதியாக்கும் நடுவாணி. இந்த எண்ணோ 1 முதல் 22 வரை எதனாலும் மீதியின்றி வகுபடுகிறது.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, பகலாணி அருமை. ஆனால் இராமானுஜன் பட்டியலில் 2 இருக்கிறதே! அதற்கு இரண்டு காரணிகள், 1க்கு ஒன்றுதான். ஆகவே 2க்கும் இடமுண்டு. பகா எண்ணை மிகுபகு எண் என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? இலங்கைப் பாடநூல்களில் பகு எண்ணுக்குச் சேர்த்தி எண் என்றே வழக்கம். முந்தைய எண்களைக் காரணியில் விஞ்சுவதுதானே இதன் இயல்பு? காரணிவிஞ்செண் எனலாம்.
— யாழ்ப்பாணத்திலிருந்து

> காரணிவிஞ்செண்

காரணி வடசொல். வகுத்தி நம்முடையது. வகுத்திவிஞ்செண்.
— தமிழாசிரியர்

வகுத்திவிஞ்செண்ணை ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லுமா? காரணி எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த சொல், அதை விரட்ட வேண்டாம். ‘மிகு’வும் எனக்குத் தயக்கம்தான், மிகையெண் என்று வேறொரு வகை உண்டு. அப்புறம், பெயர் எதுவானாலும் தட்டியில் இதைச் சேருங்கள்: காரணி எண்ணிக்கையான 5040ம் இதே வகை, அதற்கு 60 காரணிகள். 60க்கு 12, 12க்கு 6, 6க்கு 4. எல்லாமே இதே வகை! நம் முன்னோர் நாளை 60 நாழிகையாகவும் நாழிகையை 60 விநாழிகையாகவும் பிரித்ததன் வசதி இதில் தெரிகிறது.
— பொறியாளர்

நாழிகைக்குத் தனி இழை தொடங்கலாமே. அது தமிழ்க் கணக்கா, வெளியிலிருந்து வந்ததா என்று நிறையப் பேச வேண்டும்.
— தமிழாசிரியர்

நன்றி. நால்வர் தனிமடலில் மிகுபகு எண் போதும் என்கிறார்கள், அச்சகமும் கேட்டுவிட்டது. அதையே போடுகிறேன். 5040, 60, 12 வரிசையையும் சேர்த்துவிட்டேன்.
— ஆசிரியை

சரி. ஆனால் 2 பகா எண். தட்டியில் மிகுபகு எண்களின் வரிசையை 2இலிருந்து தொடங்குகிறீர்களா, 4இலிருந்தா? 4 என்றால் அது இராமானுஜன் பட்டியல் இல்லை. பெயரில் எனக்கு உடன்பாடில்லை என்று பதிந்துகொள்ளுங்கள்.
— யாழ்ப்பாணத்திலிருந்து