தானியங்கிக் கேமராப் படத்திலிருந்து புலியின் நீளத்தைக் கணக்கிடுதல்: இரு படங்கள், இரு விடைகள்

கேள்வி – கானவன்
வணக்கம். தானியங்கிக் கேமராவில் இருமுறை பதிவான ஓர் ஆண் புலியின் நீளத்தைக் கணக்கிட முயல்கிறேன். விலாவின் வரிகளை ஒப்பிட்டதில், இரண்டிலும் இருப்பது ஒரே புலிதான் என்பது உறுதி. கேமராவை அசைக்காமல், பாதையின் நடுவில் அளவுகோலை நிறுத்திப் படமெடுத்து ஒப்பிட்டால், மூக்கு முதல் வால் நுனி வரை ஒரு படத்தில் 324 செ.மீ., மற்றதில் 234 செ.மீ. வருகிறது. பழைய வேட்டைக் குறிப்புகளில் 11 அடிப் புலிகள் தாராளமாக உலவுவதால், பெரிய எண்ணை ஒதுக்கவும் தயக்கமாக உள்ளது. எதை ஏற்பது?

பதில் – அளவையாளர்
இரண்டையும் ஏற்க வேண்டாம். கோல் நின்ற இடம் கேமராவிலிருந்து 3 மீட்டர், புலி கடந்த இடம் 2.5 மீட்டர் என்றால், புலி ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும், 270 செ.மீ. புலி 324 ஆகிவிடும். அதே புலி கோல் நின்ற தொலைவிலேயே, ஆனால் பக்கவாட்டிலிருந்து 30 பாகை திரும்பி நடந்தால் நீளம் ஏறத்தாழ 13 விழுக்காடு சுருங்கி 234 ஆகும். ஆக, உங்கள் இரு விடைகளுக்கும் பின்னால் 270 செ.மீ. புலி ஒன்றே இருக்கக்கூடும். பாதத் தடம் பதிந்த அதே இடத்தில் கோலை நிறுத்தி மீண்டும் படமெடுங்கள். வால் வளைந்திருந்தால் அதை விட்டுவிட்டு, மூக்கிலிருந்து வாலின் அடி வரை மட்டும் அளப்பது நல்லது.

பதில் – பழஞ்சுவடி
வேட்டைக் குறிப்பு எதைப் படித்தாலும், அளந்த முறையை முதலில் தேடுங்கள். கிடத்திய உடலின் மூக்கருகிலும் வால் நுனியிலும் முளை அடித்து, இடைத் தொலைவை நேர்கோட்டில் அளப்பது ஒரு முறை; முதுகின் வளைவுகளின் மேல் நாடாவை ஓட்டுவது மற்றொரு முறை. 1967-இல் வட இந்தியாவில் சுடப்பட்டு, இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் புலிக்கு முளைகளுக்கிடையே 10 அடி 7 அங்குலம், வளைவுகளின் மேல் 11 அடி 1 அங்குலம் என இரு நீளங்கள் பதிவாகியுள்ளன. உரித்து இழுத்து உலர்த்திய தோலின் நீளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கேள்வி – கானவன்
மிக்க நன்றி. பாதத் தடத்தின் அகலத்தைக் கொண்டு எடையையும் ஊகிக்கலாமா?

பதில் – அளவையாளர்
கூடாது என்பதே என் கருத்து. ஈரக் களிமண்ணிலும் உதிரி மணலிலும் ஒரே பாதம் வெவ்வேறு அகலத்தில் பதியும். பின்னங்காலின் தடம் ஆணா பெண்ணா என்று ஊகிக்க ஓரளவு உதவும், அவ்வளவுதான். எடையோ, தராசில் ஏற்றினாலும் வயிற்றைப் பொறுத்து மாறும்: பழஞ்சுவடி சொன்ன அதே புலி 388.7 கிலோ இருந்தது, ஆனால் முந்தைய இரவு அது ஓர் எருமையைத் தின்றிருந்தது. ஆய்வாளர்கள் மயக்க ஊசி செலுத்தி எடைபோட்டவற்றில், நேபாளத்தின் சித்வான் ஆண் புலிகளின் சராசரி 235 கிலோ. உலகிலேயே பெரியவை என்று பலரும் எண்ணும் ரஷ்யத் தூரகிழக்கின் ஆமூர் ஆண் புலிகளுக்கு, 2005-இல் வெளியான ஆய்வின்படி, ஏறத்தாழ 176 கிலோதான். குளிர்கால ரோமம் படத்தில் அவற்றைப் பருமனாகக் காட்டும். எனவே உங்கள் பதிவேட்டில் எடைக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, நீளத்தோடு கேமராவின் தொலைவையும் உடல் திரும்பிய கோணத்தையும் எழுதி வையுங்கள்.