பேட்டரியும் மின்சிக்கனமும்: வேலையிலும் வீட்டிலும் பார்த்ததைச் சொல்லுங்கள்

செங்காங் கைவேலை:

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடுகளில் திரைச்சீலைக் கம்பி, அலமாரி, டிவி மாட்டிக் கொடுப்பது என் தொழில். கம்பியில்லா டிரில் இல்லாமல் இந்த வேலையை இப்போது நினைத்துப் பார்க்க முடியாது. அதனால் பேட்டரியைப் பற்றிப் பேச எனக்கு நிறைய உண்டு.

முதலில் சூடு. நம் ஊரில் வருஷம் முழுக்க வெயில். என்னோடு வேலை பார்க்கும் சிலர் பேட்டரிகளை வேனிலேயே விட்டுவிடுவார்கள். திறந்தவெளியில் நிற்கும் வேனுக்குள் மதியத்தில் இரும்புச் சாமானைத் தொட முடியாது. அப்படிக் கிடந்த பேட்டரிகள் சீக்கிரமே தளர்ந்துபோவதைப் பார்க்கிறேன். நான் பேட்டரிப் பையை எப்போதும் கையோடு மாடிக்கு எடுத்துப் போய்விடுவேன். ஒரே கடையில் ஒரே சமயத்தில் வாங்கியவைதான், என்னுடையவை இன்னும் நன்றாக உழைக்கின்றன. லித்தியம் அயான் பேட்டரி பயன்படுத்துவதால் மட்டும் தேய்வதில்லை. முழு சார்ஜோடு சூட்டில் சும்மா கிடந்தாலே அதன் கொள்ளளவு குறையும், குறைந்தது திரும்பி வராது. பல வாரம் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், நிழலில் வையுங்கள். முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது வேண்டாம்.

அடுத்தது, வேலைக்கேற்ற கருவி. கான்கிரீட் சுவரில் சாதாரண ஹேமர் டிரிலை அழுத்தி அழுத்தி ஓட்டினால் ஓட்டை இறங்காது, பேட்டரிதான் கொதிக்கும். அதே பேட்டரியை ரோட்டரி ஹேமரில் மாட்டினால் பல மடங்கு ஓட்டை போடலாம். அதற்குள் இருக்கும் காற்றழுத்தச் சுத்தியல் இடிக்கிற வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது, நாம் அழுத்த வேண்டியதில்லை. கூர் போன பிட்டும் இப்படித்தான் மின்சாரத்தைக் குடிக்கும். பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள கருவி விலை கூடுதல்தான், ஆனால் உரசலில் வீணாவது இல்லாததால் ஒரு சார்ஜ் கூடுதல் நேரம் தாங்கும். தினமும் வேலை செய்பவர்கள் தயங்காமல் அதை வாங்கலாம். வீட்டில் எப்போதாவது ஒரு ஆணி அடிப்பவருக்கு அவசியமில்லை.

இன்னொன்று: 20 வோல்ட் என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 18 வோல்ட், 20 வோல்ட் இரண்டிலும் வரிசையாக ஐந்து செல்தான். முழு சார்ஜில் அளந்தால் 20, சராசரியில் 18. பார்க்க வேண்டியது வாட் அவர், அதாவது பேட்டரி மொத்தம் எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்ற அளவு. 18 வோல்ட்டை 5 ஆம்பியர் அவரால் பெருக்கினால் 90 வாட் அவர்.

உங்கள் அனுபவங்களைக் கேட்க ஆசை.

துவாஸ் தம்பி:

வணக்கம் அண்ணே. நான் பட்டுக்கோட்டைப் பக்கம், இங்க கட்டுமான வேலை. எங்க சைட்டுல மஞ்சள் டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து 110 வோல்ட் எடுத்துத்தான் கம்பி உள்ள கருவிய ஓட்டுவோம். 230 வோல்ட்ட நேரா எடுத்தா ஆபத்து. 110-ல நடுவுல எர்த் இருக்கறதால, ஷாக் அடிச்சாலும் எர்த்துக்கு 55 வோல்ட்தான். இருந்தாலும் மழை பெஞ்சா கேபிள் தண்ணியில கிடக்கும், மிதிபடும், தோல் உரியும். சாரத்து மேல ஏறும்போது கால்ல சுத்தும். பேட்டரிக் கருவி வந்த பிறகு அந்தப் பயம் பெரிசா குறைஞ்சிருச்சு. எனக்கு மின்சிக்கனத்த விட இதுதான் முக்கியம்.

ஆனா கிரைண்டருக்குப் பேட்டரி கட்டுப்படியாகல அண்ணே. கம்பி வெட்ட ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல தீந்துரும். கைல தொட்டா சுடும். சுடச்சுட சார்ஜர்ல வச்சா விளக்கு மினுக்கிக்கிட்டே இருக்கும், ஏறாது. புதுசா வர்ற பசங்க சார்ஜர் கெட்டுப்போச்சுன்னு நினைக்கறாங்க. அது கெடல, ஆறட்டும்னு காத்திருக்கு. ஃபேனுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வச்சா சரியாயிரும்.

ஈசூன் அக்கா:

தம்பி சொன்னதைப் படித்ததும், வீட்டில் உட்கார்ந்து மின்கட்டணம் பார்ப்பவளாக நானும் எழுதத் தோன்றியது. மின்சிக்கனப் பொருள்கள் வாங்க அரசாங்கம் கொடுத்த பருவநிலைப் பற்றுச்சீட்டு வந்தபோது (2024-இல் வீவக வீடுகளுக்கு 300 வெள்ளி, அதாவது டாலர், கொடுத்தார்களே) எங்கள் புளோக்கில் எல்லாரும் என்ன வாங்கலாம் என்று பேசிக்கொண்டோம். நான் டிசி மோட்டார் விசிறியும் எல்இடி விளக்குகளும் வாங்கினேன்.

விசிறிக் கணக்கைச் சொல்கிறேன். பழைய விசிறி சுமார் 60 வாட், டிசி விசிறி சுமார் 25. இரவு பத்து மணி நேரம் ஓடினால் மூன்றில் ஒரு யூனிட் மிச்சம். யூனிட் 30 காசு என்று வைத்தால் இரவுக்குப் பத்துக் காசு, மாதத்துக்கு மூன்று வெள்ளி. பெரிய தொகை இல்லை. உண்மையான லாபம் வேறு இடத்தில் வந்தது. இந்த விசிறி சத்தமில்லாமல் மெதுவாகச் சுற்றுவதால், ஏர்கானை 25-இல் வைத்து, பிள்ளைகள் தூங்கியதும் நிறுத்திவிட முடிகிறது. ஏர்கான் ஒரு மணி நேரம் ஓடும் மின்சாரத்தில் இந்த விசிறி ஓர் இரவைத் தாண்டியும் ஓடும்.

குளிர்பதனப் பெட்டி வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2008-இலிருந்து ஏர்கானிலும் குளிர்பதனப் பெட்டியிலும் மின்சிக்கன வில்லை (லேபிள்) கட்டாயம். எல்லாரும் அதில் சிக்கனத்தைக் காட்டும் டிக் குறி எத்தனை என்று மட்டும் எண்ணுகிறார்கள். அதற்குக் கீழே வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், அதைப் படியுங்கள். டிக் கொடுக்கும்போது பெட்டியின் அளவையும் கணக்கில் எடுப்பதால், நிறைய டிக் வாங்கிய பெரிய பெட்டி, குறைவாக வாங்கிய சின்னப் பெட்டியைவிட அதிக மின்சாரம் இழுக்கக்கூடும். மூன்று பேர் வீட்டுக்கு எதற்கு அத்தனை பெரிய பெட்டி?

அங் மோ கியோ பேத்தி:

என் அப்பத்தா காதுக் கருவி போட்டிருக்கிறார். அதில் இருப்பது துத்தநாகக் காற்று பேட்டரி, பழுப்பு நிற ஒட்டு உள்ள 312 என்ற அளவு. அந்த ஒட்டை உரித்தால்தான் துளை வழியாகக் காற்று உள்ளே போய் மின்சாரம் பிறக்கும். உரித்தவுடன் கருவிக்குள் போட்டு மூடாமல், ஒரு சில நிமிடம் மேசையில் வைத்துவிட்டுப் போட்டால் அப்பத்தாவுக்குத் தெளிவாகக் கேட்கிறது. உரித்த பிறகு, பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால் நாளைக்கும் சேர்த்து உரித்து வைக்க வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். பேட்டரி சரியாக இல்லாததால் பேச்சில் கலந்துகொள்ள முடியாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகள் நிறையப் பேர்.

ஜூரோங் வெஸ்ட் ரைடர்:

உணவு விநியோகம் செய்கிறேன். 2019 நவம்பரில், நின்றுகொண்டு ஓட்டும் மின்ஸ்கூட்டரை நடைபாதையில் ஓட்டக்கூடாது என்று தடை வந்த பிறகு என்னைப் போல் பலர் மின்சைக்கிளுக்கு மாறினோம். கிளம்பும்போது நன்றாக மிதித்து வேகம் எடுத்தால் பேட்டரி கூடுதல் தூரம் வரும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புவதில்தான் சார்ஜ் அதிகம் போகிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தீயைப் பற்றி. வாசல் கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் தீப்பிடித்தால் வேகமாகப் பரவும், வெளியே ஓடும் வழியே அடைபட்டுவிடும். தூங்கும்போது சார்ஜ் போட வேண்டாம் என்று தீயணைப்பு வேலை பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று பொருந்தாத பேட்டரியையோ சார்ஜரையோ மாட்டாதீர்கள். உப்பிய பேட்டரியை ஒரு நிமிடம்கூட மேற்கொண்டு பயன்படுத்தாதீர்கள், குத்திப் பார்க்கவும் வேண்டாம். நம் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. இதில் அலட்சியம் காட்டுபவர் அண்டை வீட்டுக் குழந்தைகளையும் சேர்த்துத்தான் ஆபத்தில் வைக்கிறார்.

துவாஸ் தம்பி:

அண்ணே, அடுத்த மாசம் ஊருக்குப் போறேன், திருச்சிக்கு ஸ்கூட் விமானம். என் தம்பிக்கு ஒரு டிரில் வாங்கி வச்சிருக்கேன், கூட ரெண்டு பேட்டரி. 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க்கும் இருக்கு. விடுவாங்களா?

செங்காங் கைவேலை:

தாராளமாக எடுத்துப் போகலாம் தம்பி. 100 வாட் அவர் வரைக்கும் தனி அனுமதி வேண்டாம். பவர் பேங்க் 20,000 மில்லி ஆம்பியர் என்றால் 20 ஆம்பியர் அவர், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74. டிரில் பேட்டரி 5 ஆம்பியர் அவர் என்றால் 90. இரண்டும் எல்லைக்குள்தான். டிரிலை மட்டும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பு. பேட்டரி இரண்டையும் பவர் பேங்க்கையும் கைப்பையில் வை, பெரிய பெட்டியில் போட்டால் திறந்து எடுத்துவிடுவார்கள். பேட்டரியின் உலோக முனைகளில் டேப் ஒட்டிவிடு. 2025 ஏப்ரல் 1-இலிருந்து ஸ்கூட்டிலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தக்கூடாது, அதற்கு சார்ஜ் போடவும் கூடாது. அதனால் கைப்பேசிக்குக் கிளம்பும் முன்பே சார்ஜ் ஏற்றிக்கொள். ஊரில் டிரிலுக்கு ஸ்பேர் பேட்டரி எங்கே கிடைக்கும் என்று உன் தம்பியை இப்போதே விசாரிக்கச் சொல். கிடைக்காது என்றால் இன்னொன்று இங்கேயே வாங்கிப் போ.