நாய்க்கு உண்ணி திரும்பத் திரும்ப வருகிறது

கேள்வி: நாட்டு நாய், 14 கிலோ. மருந்து ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினாலும் ரெண்டே நாளில் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி ஏறிவிடுகிறது. வீட்டில் பூனையும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில் 1: நாயை மட்டும் கவனித்தால் தீராதுங்க. ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெடிப்பைச் சிமெண்ட் பூசி அடையுங்கள். படுக்கைத் துணியை வாராவாரம் கொதிநீரில் அலசுங்கள். பிப்ரோனில் சொட்டு மருந்தைப் பிடரியில், முடியை விலக்கித் தோலில் விடணும். முன்னும் பின்னும் 2 நாள் குளியல் கூடாது. தோலின் எண்ணெய்ப் பசை போய்விட்டால் மருந்து பரவாது.

பதில் 2: பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தை வாங்கவே வேண்டாம். பூனைக்கு விஷம், வலிப்பு வரும்.

பதில் 3: ஒட்டியிருக்கும் உண்ணிமேல் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், நசுக்கவும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.