எச்டி 600க்கு வார்ம் சவுண்ட்: சிப்பா, 120 ஓமா?

வெல்வெட்காது:
சென்ஹைசர் எச்டி 600 ஹெட்ஃபோன் வெச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் ஒரே பதில். கதகதப்பு (வார்ம் சவுண்ட்) வேணும்னா ஏகேஎம் கம்பெனி சிப் போட்ட டேக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலா மாத்தற பெட்டி) வாங்குங்க, ஏகே4493 சிப் போதும். போட்டிக் கம்பெனி ஈஎஸ்எஸ்ஸோட சிப் காதைக் குத்தும்.

ஓம்விதி:
இதே பொய்யை இன்னும் எத்தனை இழையில எழுதப் போறீங்க? டாப்பிங் டி90 டேக்ல இருந்தது ஏகேஎம்மோட ஏகே4499. 2020 அக்டோபர்ல ஏகேஎம்மோட நோபியோகா ஆலை எரிஞ்சு சிப் கிடைக்காமப் போன பிறகு வந்த டி90எஸ்ஈல ஈஎஸ்எஸ்ஸோட ஈஎஸ்9038 ப்ரோ. வழக்கமான ஃபில்டர்ல ரெண்டுமே தட்டை, எந்த ஃப்ரீக்வென்சியும் தூக்கலா இல்ல. குத்துறது எங்கே?

எச்டி 600 இம்பீடன்ஸ் (மின் தடை) பேருக்குத்தான் 300 ஓம். 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500ஐத் தாண்டும். ஆம்ப் (ஹெட்ஃபோனை ஓட்டற பெருக்கி) அவுட்புட்ல 120 ஓம் ரெசிஸ்டர் சீரீஸா போட்டா, 300 ஓம் இருக்கிற இடத்துல சத்தம் 2.9 டிபி (டெசிபல்) இறங்கும், 500 ஓம் இடத்துல 1.9தான் இறங்கும். ஆக பேஸ் 1 டிபி தூக்கலா நிக்கும். கதகதப்பு அதுதான். கால் வாட் மெட்டல் ஃபிலிம், சேனலுக்கு ஒண்ணு. பொது கிரவுண்ட் வயர்ல போட்டுடாதீங்க, ஒரு சேனல் சத்தம் மறு பக்கம் எதிர் ஃபேஸ்ல கசியும்.

வெல்வெட்காது:
கேள்வி டேக் பத்தி. நீங்க ஆம்ப் பத்திப் பேசறீங்க. அதுவும் எல்லா ஹெட்ஃபோனுக்கும் ஆகுமா? 40 ஓம் பிளேனர் வகை ஹெட்ஃபோன்ல இம்பீடன்ஸ் கோடு நேரா இருக்கும். உங்க 120 ஓம் அங்கே 12 டிபி சத்தத்தைத்தான் விழுங்கும், டோன் துளி மாறாது.

ஓம்விதி:
தலைப்புல எச்டி 600னு எழுதினது நீங்க. பிளேனருக்கு ஏன் ஓடறீங்க? 120 ஓமுக்குப் பதில் சொல்லுங்க.

நாஸ்நேசன்:
ரெண்டு பேருக்கும் டிடிஏ1543ங்கிற பழைய டேக் சிப் தெரியாது போல. ஓவர்சாம்ப்ளிங் (சாம்பிள்களுக்கு நடுவுல கூடுதல் சாம்பிள் சேர்க்கிறது) இல்லாம ஓடவிட்டா 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைல்ல 10 கிலோஹெர்ட்ஸ்ல 0.75 டிபி, 20ல 3.2 டிபி தானா இறங்கும். சிப்பும் இல்ல, ரெசிஸ்டரும் இல்ல, ஃபில்டர்தான் விஷயம்.

புதுக்காது:
கதகதப்புன்னா பேஸ் கூடறதா, ட்ரெபிள் குறையறதா? முதல்ல அதைச் சொல்லுங்க.

ஓம்விதி:
நாஸ்நேசன், அந்த 3.2 டிபி 20 கிலோஹெர்ட்ஸ்ல. நாற்பது வயசைத் தாண்டினவங்கள்ல பலருக்கு அது கேட்கவே கேட்காது. கூடவே 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல இமேஜ் குப்பையும் (பாட்டுல இல்லாத போலி சிக்னல்) வரும். 120 ஓம் வேலை செய்யறது 100 ஹெர்ட்ஸ்ல, எல்லார் காதுக்கும் எட்டும்.

வெல்வெட்காது:
நாங்க மாத்தி மாத்திக் கேட்டுத்தான் சொல்றோம். ஈஎஸ்எஸ்ல கூர்மை தெரியுது.

ஓம்விதி:
லெவல் சரிபண்ணிக் கேட்டீங்களா? ஒரு டேக் 2 வோல்ட், இன்னொண்ணு 2.5 வோல்ட்னா 1.9 டிபி வித்தியாசம். சத்தமா இருக்கிறதுதான் கூர்மையாத் தெரியும். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு மல்டிமீட்டர்ல அளங்க. 0.1 டிபிக்குள்ள வரணும், 2 வோல்ட்டுக்கு 23 மில்லிவோல்ட்.

நாஸ்நேசன்:
விலை குறைஞ்ச மீட்டர் பலதும் 400 ஹெர்ட்ஸுக்கு மேல ஏசி சரியாக் காட்டாது. இதுகூடத் தெரியாம பாடம் நடத்தறீங்க.

ஓம்விதி:
வேண்டியது விகிதம். ஒரே மீட்டர், ஒரே ஃப்ரீக்வென்சி, பிழையும் ரெண்டுக்கும் ஒண்ணே. வெள்ளிக் கேபிள் இழையில தோத்த கோபத்தை இங்கே காட்டாதீங்க.

நாஸ்நேசன்:
அங்கே யாரும் தோக்கல. நீங்க கடைசியாப் பேசினீங்க, அவ்வளவுதான். இங்கேயும் அதான் நடக்குது.

வெல்வெட்காது:
சில பழைய ஈஎஸ்எஸ் பெட்டிகள்ல இன்டர்மாடுலேஷன் (ரெண்டு டோன் கலந்து உண்டாகிற சிதைவு) மேடு இருந்துச்சு. கருவி வெச்சு அளக்கிறவங்களே வரைஞ்ச கோடுதானே? அதுக்கு என்ன பதில்?

ஓம்விதி:
அது சிப்புக்குப் பின்னால வர்ற ஆப்ஆம்ப் (சின்னப் பெருக்கிச் சிப்) சர்க்யூட்ல ரெசிஸ்டர், கப்பாசிட்டர் மதிப்பு சரியில்லாததால வந்தது. மதிப்பை மாத்தினதும் போச்சு. வடிவமைப்புப் பிழையைச் சிப் மேல ஏத்தாதீங்க.

புதுக்காது:
சால்டரிங் தெரியாதவங்க என்ன பண்றது?

ஓம்விதி:
கம்ப்யூட்டர்ல ஈக்வலைசர் ஏபிஓ சாஃப்ட்வேர் போடுங்க. 105 ஹெர்ட்ஸ் லோ ஷெல்ஃப் (அதுக்குக் கீழ இருக்கிற பேஸை மொத்தமா ஏத்தற ஃபில்டர்), க்யூ 0.7, 3 டிபி ஏத்துங்க. அதே சாஃப்ட்வேர்ல ப்ரீஆம்ப்பை மைனஸ் 3 வைக்காட்டி கிளிப் ஆகும் (சிக்னல் எல்லை மீறி உடையும்). காசு கொடுத்து டேக் மாத்த வேண்டாம்.

வெல்வெட்காது:
அப்போ உங்க 120 ஓமும் வேண்டாம்னு ஆயிடுச்சு.

ஓம்விதி:
அப்படி எங்கே சொன்னேன்? 300 ஓம்ல 2.9, 500 ஓம்ல 1.9. இந்தக் கணக்கு தப்புன்னா தப்புன்னு எழுதுங்க.

வெல்வெட்காது:
கணக்கைக் காதுல மாட்டிக் கேட்க முடியாது. ஏகே4493 வாங்குங்க.