ஒரே பேக்கேஜ், மூன்று ரெப்போ: எது வந்தது, ஏன் வந்தது? உங்கள் அனுபவங்கள்

டெபியன் சர்வர் பார்ப்பவர்

வேறொருவர் அமைத்து வைத்திருந்த டெபியன் 12 சர்வர் ஒன்று என் பொறுப்புக்கு வந்தது. அப்கிரேட் செய்வதற்கு முன் ஒத்திகையாக (டெபியனில் பேக்கேஜ்களை ஏற்றும் கருவியான ஏபிடியின்) ஏபிடி-கெட் கட்டளையோடு மைனஸ் எஸ் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். புதுப்பிக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியலோடு, பதிப்பு குறைக்கப்படும் பேக்கேஜ்கள் என்று இன்னொரு பட்டியலும் வந்தது. அதில் குறியாக்க வேலைக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம்! பாதுகாப்புத் திருத்தத்தோடு இருக்கும் டெபியன் பதிப்பை எடுத்துவிட்டு, வெளி ரெப்போ (பேக்கேஜ்கள் இறங்கும் சேமிப்பகம்) ஒன்றில் இருக்கும் பழையதைப் போடப் போகிறதாம்.

ஏபிடி-கேஷ் பாலிசி கட்டளைக்கு அந்த நூலகத்தின் பெயரைக் கொடுத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. டெபியன் வரிகளுக்கு எதிரே முன்னுரிமை எண் 500, வெளி ரெப்போ வரிக்கு எதிரே 1001. ப்ரிஃபரன்சஸ்.டி கோப்புறையில் மூன்றே வரிகள் உள்ள கோப்பு ஒன்று இருந்தது. எல்லா பேக்கேஜுக்கும் (நட்சத்திரக் குறி போட்டு) அந்த ரெப்போவுக்கு முன்னுரிமை 1001 என்று எழுதியிருந்தார்கள் (இப்படி விதி எழுதுவதைத்தான் "பின்" செய்வது என்கிறோம்). எழுதியவருக்கு அந்த ரெப்போவிலிருந்து தேவைப்பட்டது ஒரே ஒரு பேக்கேஜ்தான். அப்போது ரெப்போவிலும் அது ஒன்றுதான் இருந்திருக்கும். பிறகு ரெப்போ நடத்துபவர்கள் தங்கள் நிரலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று சில நூலகங்களையும் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்த அன்றே இந்த 1001 அவற்றுக்கும் பொருந்திவிட்டது. சைன்ட்-பை வரி போட்டு, கையொப்பம் சரிபார்க்க அந்த ரெப்போவுக்கென்று தனிச் சாவி வைத்திருந்தாலும் இது நிற்காது. சாவி, ரெப்போ உண்மையானதுதானா என்று மட்டும்தான் பார்க்கும். உள்ளே எந்தப் பெயரில் என்ன வைக்கலாம் என்பதில் அது தலையிடாது.

ஏபிடியின் எண்களைப் பலரும் "பெரிதாகப் போட்டால் ஜெயிக்கும்" என்று மட்டும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை படிகள். சாதாரண ரெப்போவுக்கு 500. கணினியில் ஏற்கெனவே இருக்கும் பதிப்புக்கு 100. மைனஸ் டி போட்டோ டீஃபால்ட்-ரிலீஸ் அமைத்தோ இலக்கு வெளியீட்டைச் சொன்னால் அதற்கு 990. பேக்போர்ட்ஸ் (நிலையான வெளியீட்டுக்காகத் தொகுத்த புதிய பதிப்புகள்) 100, எக்ஸ்பெரிமெண்டல் (சோதனைப் பதிப்புகள்) 1. இந்த இரண்டையும் அந்த ரெப்போக்களின் ரிலீஸ் என்ற விவரக் கோப்பே சொல்லிவிடுகிறது. 1000, அதற்கு மேல் என்றால் பதிப்பைக் குறைக்கவும் அனுமதி கொடுத்தாயிற்று. சுழியத்துக்குக் கீழே போனால் அந்தப் பதிப்பு ஒருபோதும் ஏறாது.

நான் செய்தது இவ்வளவுதான். அந்த ரெப்போவின் எல்லா பேக்கேஜுக்கும் 100 என்று இறக்கினேன். தேவையான ஒன்றை மட்டும் பெயர் சொல்லி 700 என்று ஏற்றினேன். பெயர் சொல்லி எழுதிய விதி, நட்சத்திர விதியை மீறும். 700 என்பது 500-ஐ ஜெயிக்கும், ஆனால் 1000-ஐத் தொடாததால் பதிப்பைக் குறைக்காது.

அப்புறம் ஒன்று. பொதுவிதிக்கு 1 போடச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ரெப்போவிலிருந்து வேறு ஏதாவது ஏறியிருந்தால் அதற்குப் புதுப் பதிப்பு வந்தாலும் வராது. கணினியில் இருக்கும் பதிப்புக்கு 100, புதியதற்கு 1, அதனால் பழையதே வேட்பாளராக (ஏபிடி தேர்ந்தெடுக்கும் பதிப்பாக) நிற்கும். பிழைச் செய்தி எதுவும் இருக்காது. பல மாதம் கழித்து யாராவது பாதுகாப்பு ஆய்வு செய்யும்போதுதான் வெளியே வரும். 100 போட்டால் இரண்டும் சமம், உயர்ந்த பதிப்பு ஏறிவிடும்.

ஃபெடோரா, ரெட் ஹேட் குடும்பத்திலிருந்து

நீங்கள் சொன்னது எல்லாம் எங்கள் பக்கம் தலைகீழ். எங்கள் பேக்கேஜ் கருவியான டிஎன்எஃப்-இல் சிறிய எண்தான் பெரியவர். எதுவும் எழுதாவிட்டால் 99. டெபியன் பழக்கத்தில் வந்த நண்பர் ஒருவர் தன் அலுவலக ரெப்போவுக்கு ப்ரையாரிட்டி 1000 என்று எழுதிவிட்டு, அங்கே இருக்கும் பேக்கேஜ் ஏன் வரவே இல்லை என்று சர்வர் லாக் எல்லாம் தோண்டிக்கொண்டிருந்தார். அதை 10 ஆக்கியதும் வந்தது.

இன்னொரு வித்தியாசமும் முக்கியம். டிஎன்எஃப்-இல் முன்னுரிமை பதிப்பையும் மீறும். 10 போட்ட ரெப்போவில் பழைய பதிப்பு இருந்தால், 99-இல் புதியது இருந்தாலும் பழையதைத்தான் எடுக்கும். அதனால் நான் முன்னுரிமையைவிட இன்க்ளூட்பேக்கேஜஸ் வரியைத்தான் நம்புவேன். அந்த ரெப்போவிலிருந்து இந்த இரண்டு பேக்கேஜ் மட்டும், மற்றது எதுவும் கண்ணில் படக்கூடாது என்று சொல்லிவிடலாம். எண்ணை வைத்து ரெப்போக்களை மோதவிடுவதைவிட இது நிம்மதி.

எட்டாம் பதிப்பு ரெட் ஹேட்டில் வேறொரு கூத்து. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு அதன் திட்டத்தினரே நடத்தும் ரெப்போவைச் சேர்த்தோம். ரெப்போ இருக்கிறது, மெட்டாடேட்டா இறங்குகிறது, பேக்கேஜைக் கேட்டால் மட்டும் மாடுலர் ஃபில்டரிங்கில் எல்லாம் வடிகட்டப்பட்டுவிட்டது என்கிறது. முன்னுரிமையை 1 ஆக்கினாலும் அதே பதில்தான். காரணம், அங்கே போஸ்ட்கிரெஸ் ஒரு மாட்யூல் (பதிப்பு வரிசைகளாகத் தரப்படும் பேக்கேஜ் தொகுப்பு). மாட்யூல் இயங்கும் நிலையில் இருந்தால், அதில் உள்ள பெயர்களோடு வெளியிலிருந்து வரும் பேக்கேஜ்கள் முன்னுரிமைப் போட்டிக்கே வர முடியாது. டிஎன்எஃப் மாட்யூல் டிசேபிள் என்று அதை அணைத்த பிறகுதான் வழி திறந்தது. மாட்யூல் ஹாட்ஃபிக்சஸ் என்று ரெப்போ அமைப்பிலேயே ஒரு வரி போட்டும் தாண்டலாம், ஆனால் அது அந்த ரெப்போ முழுவதற்கும் கதவைத் திறந்துவிடும்.

ஆர்ச்

எங்களுக்கு எண்ணே கிடையாது. எங்கள் கருவியான பேக்மேனின் அமைப்புக் கோப்பில் எந்த ரெப்போ மேலே இருக்கிறதோ அதுதான் ராஜா. பதிப்பைப் பார்க்காது. டெஸ்டிங் ரெப்போவை மற்றவற்றுக்குக் கீழே எழுதினால் அது இருந்தும் இல்லாததுபோலத்தான். ஒன்றை மட்டும் குறிப்பிட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டுமென்றால் ரெப்போ பெயர், சாய்கோடு, பேக்கேஜ் பெயர். அடுத்த முழு அப்கிரேடில் பேக்மேன் மறுபடி மேலிருந்து கீழேதான் தேடும், அதை நினைவில் வையுங்கள்.

உபுண்டு மேசைக்கணினி

ஃபயர்ஃபாக்ஸ் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. உபுண்டு 22.04 முதல் ஏபிடி வழியாக ஃபயர்ஃபாக்ஸைக் கேட்டால் வருவது ஸ்னாப்புக்கு (உபுண்டுவின் தனி பேக்கேஜ் வடிவம்) வழிகாட்டும் வெறும் இடைநிலை பேக்கேஜ். டெப் வடிவம்தான் (ஏபிடி ஏற்றும் வழக்கமான பேக்கேஜ்) வேண்டும் என்பவர்களுக்கு மொசில்லாவே 2024 ஜனவரியில் தன் ஏபிடி ரெப்போவில் நிலையான ஃபயர்ஃபாக்ஸ் பதிப்பை அறிவித்தது. என் அலுவலகத்தில் ஒருவர் அதைச் சேர்த்தார், அப்டேட் ஓடியது, ஆனாலும் ஸ்னாப்தான் வந்தது. "மொசில்லாவில் இருப்பது நூற்றுச் சொச்சம் பதிப்பு, இங்கே இருப்பது 1, எப்படி 1 ஜெயிக்கிறது?" என்று கேட்டார்.

பதில் அந்த 1-க்கு அடுத்து வரும் முக்காற்புள்ளியில் இருக்கிறது. இடைநிலை பேக்கேஜின் பதிப்பு 1, முக்காற்புள்ளி, 1ஸ்னாப்1 என்று தொடங்கும். முக்காற்புள்ளிக்கு முன் வரும் எண் ஈபாக். பதிப்புகளை ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். எழுதாவிட்டால் சுழியம். ஈபாக் 1 உள்ள எதுவும், ஈபாக் இல்லாத 122-ஐயும் 999-ஐயும் வெல்லும். முன்னுரிமை இரண்டுக்கும் 500 என்று சமமாக இருக்கும்வரை இதை மாற்ற முடியாது. அதனால்தான் மொசில்லாவின் வழிகாட்டுதலே முன்னுரிமையை 1000 என்று போடச் சொல்கிறது. 990 போட்டால்? ஸ்னாப் இடைநிலை பேக்கேஜ் ஏற்கெனவே ஏறியிருந்தால் அதிலிருந்து மொசில்லா பதிப்புக்குப் போவது ஏபிடியின் கணக்கில் பதிப்புக் குறைப்பு. 1000-க்குக் குறைந்த எதுவும் அதைச் செய்யாது.

அவர் 1000 போட்ட பிறகும் முதலில் வேலை செய்யவில்லை. கோப்பின் பெயர் .conf என்று முடிந்தது (அதாவது கான்ஃப்). ப்ரிஃபரன்சஸ்.டி கோப்புறையில் ப்ரெஃப் என்ற பின்னொட்டோ பின்னொட்டே இல்லாத பெயரோ இருந்தால்தான் ஏபிடி படிக்கும். பெயரைச் சரிசெய்தோம், இன்னும் பொருந்தவில்லை. அவர் ரிலீஸ் என்று எழுதி ஓ சமம் என்று சர்வர் முகவரியைக் கொடுத்திருந்தார். ஓ என்பது ரிலீஸ் கோப்புக்குள் இருக்கும் ஆரிஜின் என்ற பெயர். முகவரியைக் கொடுக்க வேண்டுமென்றால் வரி வெறும் ஆரிஜின் என்று தொடங்க வேண்டும். ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்கிறது, இதை வடிவமைத்தவர்களிடம் ஒருநாள் கேட்க வேண்டும். பொருந்தாத விதிக்கு ஏபிடி எச்சரிக்கை எதுவும் தராது. பாலிசி கட்டளையைப் பேக்கேஜ் பெயர் இல்லாமல் ஓட்டினால் ஒவ்வொரு ரெப்போவின் ஓ, ஏ, என், எல் மதிப்புகளும் முகவரியும் வரிசையாக வரும். அதைப் பார்த்து எழுதினால் இந்த அலைச்சல் இல்லை.

லினக்ஸ் மின்ட்டில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு உதாரணம் இருக்கிறது. மின்ட் 20 முதல் நோஸ்னாப் என்ற ப்ரெஃப் கோப்பு வருகிறது, அதில் ஸ்னாப்பை இயக்கும் ஸ்னாப்டிக்கு முன்னுரிமை மைனஸ் 10. எந்த பேக்கேஜ் அதைத் தன் சார்பாக (தான் இயங்கத் தேவையான பேக்கேஜாக) கேட்டாலும் அது உள்ளே வராது.

ஓப்பன்சூசே

எங்கள் கருவியான ஸிப்பரிலும் எதுவும் எழுதாவிட்டால் 99, சிறியதே பெரியது. ஆனால் எண்ணைவிடப் பிடிவாதமான ஒன்று உண்டு: வெண்டர். ஒரு பேக்கேஜ் யாரிடமிருந்து வந்ததோ அவரை விட்டு அது தானாக மாறாது. வீடியோ கோடெக்குகளுக்காக பேக்மேன் ரெப்போவைச் சேர்த்து (ஆர்ச்சின் கருவியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், எழுத்து வேறு) முன்னுரிமை 90 போட்டுவிட்டு, அப்டேட்டும் ஓட்டிவிட்டு, வீடியோ இன்னும் ஓடவில்லையே என்று வருபவர்கள் அதிகம். ஃப்ரம் என்று அந்த ரெப்போவைச் சொல்லி, வெண்டர் மாற்றத்தை அனுமதித்து ஒருமுறை டப் (ஸிப்பரின் முழு வெளியீட்டு அப்கிரேட்) ஓட்ட வேண்டும். அதன் பிறகு அதே பிடிவாதம் நமக்குச் சாதகமாகிவிடும், பேக்கேஜ்கள் திரும்பிப் போகாது.

புதிதாக வந்தவர்

ஒரு சந்தேகம். பின் செய்வதற்குப் பதில் ஏபிடி-மார்க் ஹோல்டு போட்டால் போதாதா? அப்புறம் பேக்போர்ட்ஸிலிருந்து எடுக்க மைனஸ் டி சரியா, பேக்கேஜ் பெயருக்குப் பின் சாய்கோடு சரியா?

டெபியன் சர்வர் பார்ப்பவர்

ஹோல்டு என்பது "இதைத் தொடாதே" என்பது மட்டும்தான். எங்கிருந்து எடு என்று அது சொல்லாது. பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்தே நின்றுவிடும். ஒரு வார இறுதியைத் தாண்ட வேண்டுமென்றால் ஹோல்டு, நிரந்தர ஏற்பாடு என்றால் "பின்" விதி.

சாய்கோடு போட்டால் நீங்கள் கேட்ட பேக்கேஜுக்கு பேக்போர்ட்ஸ் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும். மைனஸ் டி போட்டால் அந்தக் கட்டளைக்கு மட்டும் பேக்போர்ட்ஸ் முழுவதும் 990 ஆகிவிடும். சார்புகளும் அங்கிருந்து இழுக்கப்படும், தேவையே இல்லாதவைகூட. நான் முதலில் சாய்கோடு போட்டுப் பார்ப்பேன். சார்பு நிறைவேறவில்லை என்றால்தான் மைனஸ் டி, அதுவும் ஒத்திகையோடு.

உபுண்டு மேசைக்கணினி

ரெப்போவை நீக்குவது பற்றி யாரும் சொல்லவில்லையே. சோர்ஸ் கோப்பை அழித்தால் அதிலிருந்து வந்த பேக்கேஜ்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும். அவற்றின் பதிப்பு உபுண்டுவுடையதைவிட உயர்ந்ததாக இருந்தால் இனி எந்தப் புதுப்பிப்பும் வராது.

டெபியன் சர்வர் பார்ப்பவர்

ஆமாம், அதுதான் 1001-க்கு நியாயமான ஒரே வேலை என்பேன். ரெப்போவை நீக்கியதும் ஏபிடி லிஸ்ட் கட்டளைக்குக் கேள்விக்குறியோடு அப்சலீட் என்று கொடுத்தால், எந்த ரெப்போவிலும் இல்லாத பேக்கேஜ்கள் வரும். டெபியனிலும் இருந்து, அதைவிட உயர்ந்த பதிப்பாக நிற்பவற்றை மட்டும் பெயர் சொல்லி, டெபியனின் சொந்த வெளியீட்டுக்கு 1001 என்று தற்காலிகமாக ஒரு விதி எழுதி, ஒத்திகை பார்த்து, இறக்கிவிட்டு, விதிக் கோப்பை அன்றே அழித்துவிடுவேன். உபுண்டுவில் பிபிஏ (தனிநபர்கள் வைக்கும் ரெப்போ) என்றால் பிபிஏ-பர்ஜ் இதையே செய்துகொடுக்கும். டேட்டாபேஸ் போன்றவற்றை மட்டும் இந்த வழியில் இறக்காதீர்கள். புதிய பதிப்பு தரவுக் கோப்பின் வடிவத்தை மாற்றியிருந்தால் பழையது அதைத் திறக்காது. அங்கே தரவை டம்ப் எடுத்துவிட்டுத்தான் பேக்கேஜில் கை வைக்க வேண்டும்.